வெள்ளைப் பின்னணி

நாடியைக் கொஞ்சம் உயர்த்துங்கோ.
தோளை நேராக்குங்கோ.
பத்தொன்பது வருசமாய்
இந்த இரண்டு வசனத்தில்தான் என் சீவியம்.
அடையாள அட்டைக்கு வந்தவரும்
கலியாணப் படத்துக்கு வந்தவரும்
கேட்டதும் நிமிர்ந்தார்கள்.

முப்பத்தேழு நாள் பிள்ளைக்கு
நாடி நெஞ்சுக்குள் புதைந்து கிடக்கிறது.
தோள் இன்னும் வந்து சேரவில்லை.

நெல்லியடிச் சந்தி, மேல்மாடி, காலை ஒன்பதரை.
துசாந்தினி ஓட்டோவால் இறங்கி வந்தாள்,
பிள்ளையும் பால்பையும் ஒரு நீலக் கோப்புமாக.
கோப்புக்குள் தூதரகத்தின் தாள்:
இரண்டு கண்ணும் திறந்திருக்க வேண்டும்.
வாய் மூடியிருக்க வேண்டும்.
பின்னால் வெள்ளை. நிழல் விழக்கூடாது.
வேறு எவரும் தெரியக்கூடாது.

எழுதின ஆளுக்குப் பிள்ளை இல்லைப்போல.

ஃபிளாஷ் ஒருமுறைதான் அடித்தேன்.
இரண்டு கையையும் விரித்து
கொப்பு முறிந்து விழுகிறவள் மாதிரித்
திடுக்கிட்டாள் பிள்ளை.
வெளிச்சத்துக்குத் திடுக்கிடுகிற ஆட்கள்
இந்த ஸ்ரூடியோவுக்குப் புதிதல்ல.
ஆனால் அவர்களுக்கெல்லாம் ஒரு காரணம் இருந்தது.

ஃபிளாஷைக் கழற்றி லாச்சிக்குள் வைத்தேன்.
கிழக்கு யன்னலை மறைத்திருந்த
அல்பம் பெட்டிகளை ஒவ்வொன்றாய் இறக்கினேன்.
முதலில் தூசியோடு வந்தது வெயில்,
பிறகு தனியே வந்தது.
முதல்முதல் பிள்ளைப்படம் எடுக்கிறவைக்கு
நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்:
யன்னலைத் தேடுங்கோ. மோதிரத்தைக் கழற்றுங்கோ.
மின்விசிறியை நிற்பாட்டிவிட்டு
நீங்கள் வேர்த்துக்கொள்ளுங்கோ.

கன்னத்தில் கறுப்புப் பொட்டு, காசளவு.
"அதை எடுக்கவேணுமோ அண்ணை?"
தாளில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.
"எடுத்தால் நல்லது" என்றேன்.
சோல் நுனியால் துடைத்தாள்.
துடைத்த கையோடு மைச்சிமிழைத் திறந்து
உள்ளங்காலில் ஒன்று வைத்தாள்.
பரிசுக்குக் கால் தேவையில்லை.

பிறகு நாற்பது நிமிசம்.
கண் திறந்தால் வாயும் திறந்தது.
வாய் மூடினால் கண்ணும் மூடியது.
இரண்டையும் ஒரே நூலில் கட்டியிருந்தார்கள்.
படியேறி வந்த ஏ.எல். பெடியனிடம்
"பேந்து வாரும் தம்பி" என்றேன்.
பிள்ளை பசியில் முறுகினாள்.
நான் வெளியே போய்ப் படியில் நின்றேன்.
பருத்தித்துறை பஸ் இரண்டு போனது.

பால் குடித்து, ஏவறை விட்டு,
நித்திரைக்கு முன்னால் ஒரு ஐந்து நிமிசம் உண்டு.
அதுக்குள் எடுத்தால் எடுத்ததுதான்.
ஆனால் தலை நிற்கவில்லையே.
அலுமாரியில் ஒரு வெள்ளைப் போர்வை கிடந்தது.
துசாந்தினியைக் கதிரையில் இருத்தி
மடியில் பிள்ளையை வைத்து
தாயை மூடவேண்டும்.
ஒரு பெண்ணின் தலைக்குமேலால்
வெள்ளைத் துணியை இழுக்க
எனக்குக் கை வரவில்லை.
துணிக்குள் இருந்து குரல் வந்தது:
"மூச்சு விடலாம் அண்ணை. நீங்கள் எடுங்கோ."

திறப்புக் கோர்வையைக் கிலுக்கினேன். பார்க்கவில்லை.
நாக்கைச் சொடுக்கினேன். பார்க்கவில்லை.
முழங்காலில் இருந்து கிட்டப் போனேன்,
அவளின் பால்மணம் கமராவில் படுமளவுக்கு.
துணிக்குள் தாய்,
"இயலி, அப்பாட்டப் போவமே?" என்றாள்.

அப்போது பார்த்தாள்.
என்னை அல்ல,
லென்ஸில் விழுந்திருந்த யன்னலை.

கணினியில் பெருப்பித்துப் பார்த்தோம்.
கண் இரண்டும் சரி. வாய் சரி. நிழல் இல்லை.
காதடியில் மட்டும் ஒரு விரல் நுனி.
"என்ர கை விழுந்திட்டுதோ?"
"ஓம்."
"அப்ப அழியுங்கோ."
ஐந்து விநாடி வேலை. விரல் இருந்த இடம் வெள்ளையாயிற்று.
ஆறு பிரதி அடித்து உறையில் போட்டுக் கொடுத்தேன்.
அழிக்காத படம் 'இயலினி 2' என்று
இந்தக் கணினியில் இருக்கிறது.
அவள் கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை.

பின்னேரம் அந்தப் பெடியன் திரும்பி வந்தான்.
நாடியைக் கொஞ்சம் உயர்த்தும் என்றேன்.
உயர்த்தினான்.
எவ்வளவு நீளமான கழுத்து.