இரண்டு ஓம்

கடையின் இரும்புக் கதவை
பாதிதான் தூக்கியிருந்தேன்.
அதற்குள் வாசலை மறித்து நின்றது மஞ்சள் ஊனோ.
காம்பினா கிராண்டேயில் ஜூன் மாதத் திங்கள் காலை.
தெருவெல்லாம் முந்தின இரவின் சொக்கப்பனைச் சாம்பல்.

மூன்று பேர், ஒரு வண்டி.
ஜுராந்திர்தான் பேசினான்.
நெய்ஜியின் கையில் கணக்கு நோட்டு.
அதாயில்ட்டன் பின்கதவைத் தூக்கிப் பிடித்திருந்தான்.
அதன் தாங்குகம்பி போய்
ஒரு வருஷமாம்.

"இவோனெச்சி, நெஞ்சில இடிக்க மாட்டேங்குது.
ஆனா பாரு, மூணும் ஆடுது."
போட்டுக் காட்டினான்.
ஆடின. ஒரே பெட்டிக்குள்
மூன்று பன்னிரண்டு அங்குல சப்வூஃபர்.
எதிரே ரொட்டிக்கடையில்
தட்டுகள் கிலுகிலுத்தன.
எனக்கோ அதற்கு முன்பே
வாசனை வந்துவிட்டது,
வார்னிஷ் கருகின வாசனை.
இருபது வருஷமாக என் சட்டைகளில்
துவைத்தும் போகாதது.

வயர்களைப் பிரித்து மீட்டரை வைத்தேன்.
முதலாவது: மூன்று புள்ளி ஆறு.
இரண்டாவது: அதே.
மூன்றாவதில்
திரையின் இடது ஓரம் வெறும் ஒன்று.
முடிவே இல்லை என்பதற்கு
மலிவு மீட்டரின் பாஷை அது.

"செத்துட்டா? அப்புறம் எப்படி ஆடிச்சு?"
நெய்ஜி கேட்டாள்.

பெட்டிக்குள் காற்று ஒன்றுதான், பெண்ணே.
மற்ற இரண்டும் அடிக்கிற அடியில்
இதுவும் தலையாட்டும்,
உள்ளே காயில் அறுந்த பிறகும்.

கழற்றித் திருப்பினேன். காந்தத்தின் முதுகில்
இரண்டு ஓம் என்றிருந்தது.
மற்றவை நான்கு.
மார்ச்சில் சந்தையில் மலிவாய்க் கிடைத்ததாம்.
ஜுராந்திர் தரையைப் பார்த்தான்.

அட்டைப்பெட்டி ஓரத்தில் எழுதிக் காட்டினேன்.
இணையாய்க் கட்டினால் எல்லோருக்கும் ஒரே வோல்ட்.
அதுவரை ஓரவஞ்சனை இல்லை.
அப்புறம்
யார் குறைவாய் மறுக்கிறானோ
அவன் தலையில் அதிகம் ஏறும்.
இரண்டாயிரம் வாட் ஆம்ப்ளிஃபயர்:
நான்குக்கு ஐந்நூறு,
இன்னொரு நான்குக்கு ஐந்நூறு,
இரண்டுக்கு ஆயிரம்.
அது தாங்குவதோ ஐந்நூறு.
ஜூன் முழுக்க, இரவு முழுக்க
முடியாது என்று சொல்லத் தெரியாமல்
வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறது.

"இது போனதும் இதோட ஆயிரம்
மத்ததுக்குப் போயிருக்குமே?"

போகாது. அவற்றுக்கு அன்றும் ஐந்நூறு,
இன்றும் ஐந்நூறு.
பக்கத்தில் ஒன்று விழுந்த சேதி
அந்த வயர்களுக்கு எட்டவே எட்டாது.
ஆம்ப்ளிஃபயருக்கு மட்டும்
பாரம் பாதி. கொஞ்சம் குளிர்ந்திருக்கும்.

"சரி விடு, செலவை மூணாய் வகுத்துடு,"
என்றான் ஜுராந்திர்.
"எப்பவும் அதானே நம்ம கணக்கு."

நெய்ஜி நோட்டை விரித்தாள்.
எனக்குத் தலைகீழாய்த் தெரிந்தது பக்கம்:
பெட்ரோல், அ.
பாட்டரி, அ.
ராத்திரி ஓட்டியது, அ.
பாட்டரி திரும்பவும், அ.
எழுதிய பெண்ணின் விரல்
மூன்றாவது வரியில் நின்றது.
பிறகு வேகமாய்ப் பக்கத்தைத் திருப்பினாள்.

பின்கதவில் இருந்த கை
இன்னும் மாறவில்லை.

நான்கு ஓமில் ஒன்று மாட்டினேன்.
மூன்றுக்கும் இப்போது ஐந்நூறு ஐந்நூறு.
ஜுராந்திர் காதைச் சாய்த்தான்.
"முந்தி மாதிரி இல்லையே."
இருக்காது என்றேன்.
முந்தி கேட்டதில் பாதி
அது எரிந்த சத்தம்.

மேசைக்கடியில் பழைய ஊனோவின்
தாங்குகம்பி ஒன்று கிடந்தது.
இரண்டு திருகு, மூன்று நிமிஷம்.
பில்லில் சேர்க்கவில்லை.

கதவு தானாக நின்றது.
அதாயில்ட்டன் கையை எடுத்தான்,
பையில் விட்டான், வெளியே எடுத்தான்,
உள்ளங்கையில் பதிந்த தகரத்தின் கோட்டைத்
தேய்த்துப் பார்த்தான்.

அப்புறம் நெய்ஜியிடம்
நோட்டைக் கேட்டான்.