ஊதச் சொல்லாத வழி

தேவகோட்டைக்குத் தெற்கே
ஒயின்ஷாப்புக்குப் பாய் விரித்துப் போகிறவன்
எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

தார்ச்சாலையில் பத்து நிமிடம்.
ஆனால் முக்கில் போலீஸ் நின்று
ஊது என்பான்.
குருந்தன் கண்மாயில்
காற்று மட்டும்தான் ஊதும்.

பதினோரு வருடம் கழித்துக் கலுங்கு வழிந்த கார்த்திகையில்
தொண்டியிலிருந்து மச்சான் அந்தோணிப்பிச்சை
பழைய வள்ளத்தை டாட்டா ஏஸில் ஏற்றி அனுப்பினான்.
கடலுக்கு ஆகாது, கம்மாய்க்குக் காணும் என்றான் போனில்.
பாய் வரவில்லை.
யாரோ கல்யாணத்து ஃபிளெக்ஸ் கிடந்தது,
மூங்கிலில் கட்டினேன்.
மணமகள் மடிப்புக்குள் போய்விட்டாள்.
காற்றுப் பிடித்தால் மாப்பிள்ளைக்குக் கன்னம் உப்பும்,
விழுந்தால்
அதே நிமிடம் பத்து வயது கூடிவிடும்.

கூட ஏறுகிறவன் சாத்தையா.
பேட்டரிக்கு சார்ஜ் போடுகிற கடை.
நீச்சல் தெரியாது.
இடுப்பில் இரண்டு காலி ஆசிட் கேன்,
அதற்கு மேலே துண்டு, அதற்கு மேலே மரியாதை.

எங்களுக்கு மூன்று துறைமுகம்.

பெரிய மடைக்குப் பக்கத்தில் முதலாவது.
வாடையில் அணியத்தைத் திருப்பிவிட்டு
பீடி பற்றவைத்தால், அணைவதற்குள் கரை.
மடைத்தூணில் கயிறு கட்ட வேண்டும்.
அடைக்கலம்மை அவித்த முட்டையை
நூலால் அறுப்பாள், மிளகு தூவுவாள்.
தூரத்தில் ஃபிளெக்ஸ் தெரிந்ததுமே
"மாப்பிள்ளை வாராரு" என்று
நாலு முட்டையைத் தண்ணீரில் போடுவாள்.
உப்பு கொஞ்சம் கூடத்தான் இருக்கும். சொன்னதில்லை.

கலுங்கடியில் இரண்டாவது.
சரக்கு சுமார், குளிர்ச்சி கிடையாது.
ஆனால் பிளாஸ்டிக் நாற்காலியைத் தண்ணீருக்குள்ளேயே போட்டிருப்பான்.
உட்கார்ந்தால் முழங்கால்வரை கண்மாய்,
கால்விரலை அயிரை கொத்தும்.
வறுத்துத் தருகிற கெண்டைக்கு
அதுகள் சொந்தமா என்று சாத்தையா கேட்பான்.

மூன்றாவதைச் சொல்ல மாட்டேன்.
சொன்னால் மூடிவிடுவார்கள்.

தை மாதம் ஒரு சாயங்காலம்
கொண்டல் எதிரே நின்றது.
வலதும் இடதுமாக வெட்டி வெட்டிப் போய்
நடுக்கண்மாயில் அதுவும் செத்துவிட்டது.
ஓர் இலைகூட நகரவில்லை.
மடைக்கடை விளக்கு தெரிகிறது,
யாரோ சிரிப்பது கேட்கிறது,
பத்து மணிக்கு ஷட்டர் இறங்கிய சத்தம்
தண்ணீர் மேலே நடந்து வந்து
வள்ளத்தில் முட்டியது.

அப்போதுதான் சாத்தையா
டம்ளரால் தண்ணீர் இறைத்துக்கொண்டே சொன்னான்.
"டாக்டர் நிறுத்தச் சொல்லி ஒண்ணரை வருசமாச்சு.
எனக்கு சோடா மட்டுந்தான்."

பின்னே உன் பங்கு?

"உன் கிளாஸ்லதான் ஊத்திட்டிருந்தேன்."

கார்த்திகை முழுக்க
காலையில் எனக்குத் தலை வலித்ததன் கணக்கு
அந்த இருட்டில் நேரானது.
திட்டலாம் என்று வாய் திறந்தேன்.
அவன் கேனை அவிழ்த்துத் தலைக்கு வைத்துப்
படுத்துவிட்டான். நீச்சல் தெரியாதவன்.

பங்குனியில் தண்ணீர் வற்றி
முட்டைக்கடைக்கு ஐம்பதடி முன்னே
வள்ளம் சேற்றில் உட்கார்ந்தது.
முழங்கால் சேறு.
கரையிலிருந்து அடைக்கலம்மை கத்தினாள்:
"மாப்பிள்ளைய மட்டும் அவுத்துட்டு வா,
கடைக்கு நிழலாகும்."

இப்போது அவள் அடுப்புக்கு மேலே அவன்.
புகையில் ஒரு கண் கறுத்துவிட்டது.
கச்சான் அடிக்கும்போது
கன்னம் பழையபடி உப்புகிறது,
அடுப்பும் பந்தலும் எங்கேயோ கிளம்பப் பார்க்கின்றன.

சாத்தையா பைக்கில் வருகிறான்.
நேற்று முக்கில் நிறுத்தி ஊதச் சொன்னார்களாம்.
ஊதினானாம். சுழி.
போகலாம் என்ற பிறகும்
போலீஸ்காரர் கேட்காமலே
மெஷினைப் பிடித்து
இன்னொருமுறை ஊதிக் காட்டினானாம்,
நீளமாக,
மூச்சு முடிகிறவரை.