கட்டற்ற குலம்

சஸ்கட்டூனில் மார்ச். வாசலில் பனிக்காலணிகள்
ஜோடி மாறிக் கிடக்கின்றன.
மாடியில் நாற்பத்தொரு பேர், இரண்டு கரும்பலகை,
ஒரே ஒரு நல்ல சாக்பீஸ்.

தேநீர் இடைவேளையில்
வின்னிபெக்கிலிருந்து வந்த திருமலைக்கொழுந்து
என் பெயர் அட்டையைக் குனிந்து படித்தார்.
தமிழா? எந்த ஊரு?
சங்கரன்கோவில்.
சங்கரன்கோவில்ல எங்க?
பக்கத்துல.
பக்கத்துலன்னா, எந்தத் தெரு?

கண்ணியை அவர் சுருக்கச் சுருக்க
நடுவில் ஏதோ தடுக்கியது.
சுருங்காத கண்ணிகளைப் பற்றித்தான்
காலையில் ஒரு மணி நேரம் பேசியிருந்தார்.

பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில்
இதற்குக் குலம் என்று பெயர்.
அடைவுப் பண்பு: உள்ளவர் இருவர் சேர்ந்தால்
கிடைப்பதும் உள்ளேயே இருக்க வேண்டும்.
கடைசி பெஞ்சில் எவனோ சிரித்தான்.
நான் பார்த்து எழுதிக்கொண்டேன்.

மூன்றே காலுக்கு என் முறை.
எட்டு போல ஒரு கோடு வரைந்து
இரண்டு பிறப்பாக்கிகள், உறவுகள் ஏதுமில்லை
என்றேன் ஆங்கிலத்தில்.
தொண்டைக்குள் அது தமிழாகவே நின்றது.
எண்பத்தெட்டில் ராத்திரி பஸ் ஏறிய இருவர்.
கல்யாணத்துக்கு ஒருவரும் வரவில்லை.
அப்பா சாவுக்கும்தான்.

திருமலைக்கொழுந்து கை தூக்கினார்:
ஏதாவது ஓர் உறவைச் சேர்த்தால்?

நல்ல கேள்வி சார்.
குலம் சிறுத்துப் போகும்.

குறித்துக்கொண்டார்.
வெளியே மைனஸ் இருபத்திரண்டு.