ஹெஸ்ட்ரா பாலத்தில் ஒன்பது நாள்

என்னைக் கூலிக்கு அமர்த்தியது மரக் கம்பெனி.
தினம் இரண்டு வெள்ளி, இரவில் பார்லிக் கஞ்சி,
குளிருக்கு ஓர் ஓநாய்த் தோல், திருப்பித் தந்துவிட வேண்டும்.
வேலை:
எல்ஃபுகளுக்கும் எல்ஃபுகளுக்கும் நடுவே
மொழிபெயர்ப்பது.

சிரிக்காதீர்கள்.
காடு எரிந்த அன்று காலைவரை
அவர்கள் ஒரே இனம்.
தங்கியவர்கள் அய்ரென்.
கருகிய மரங்களின் உச்சியில் பரண் கட்டி
பனியைத் தின்று
அடிமரம் மறுபடி துளிர்க்கும்வரை
தரையில் கால் வைக்காதவர்கள்.
போனவர்கள் கோர்வத்.
விதைகளைக் கடைவாயில் அடக்கிக்கொண்டு
உப்புச் சதுப்புக்கு இறங்கியவர்கள்.
அங்கே ஒன்றும் முளைக்கவில்லை.
காதின் நுனியை அறுத்துக்கொண்டார்கள்,
காற்று திரும்பும் நாட்களில்
காட்டின் சத்தம் கேட்டுவிடாதிருக்க.

அறுநூறு வருடம்.
'விட்டுப் போனவர்கள்' என்பார்கள் இவர்கள் அவர்களை.
'விட்டுவிட்டவர்கள்' என்பார்கள் அவர்கள் இவர்களை.
இரண்டுக்கும் சொல் ஒன்றுதான்,
நடுவில் ஒரு மூச்சு நீளம் குறையும், அவ்வளவே.

பழைய தோப்பில் மிஞ்சியது ஒரு வரிசை பிர்ச் மரம்.
அதன் வேரடியில் பதினோரு பிணங்களுக்கு இடம் உண்டு.
யார் மலைப்பக்கம் படுப்பது, யார் ஆற்றுப்பக்கம்
என்பதுதான் வழக்கு.
மற்ற வரிசைகளை யார் வெட்டியது என்று
எவரும் கேட்கவில்லை.
கம்பெனி ஏஜெண்ட் தினமும் வந்து
ரொட்டி போதுமா என்று மட்டும் விசாரித்துவிட்டுப் போனான்.

அய்ரென் தரப்பில் இருவெத்.
பின்னிவிட ஆளில்லாமல்
கூந்தலைச் செம்புக் கம்பியால் கட்டியிருந்தாள்.
கோர்வத் தரப்பில் தாஸ்கல்.
பேசும்போதெல்லாம் கருவாட்டு விலாங்கு மென்று
முள்ளை ஆற்றில் துப்புவான்.
இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.
எட்டு நாளும் என் வாயைத்தான் பார்த்தார்கள்.

இரு மொழியிலும் 'நாங்கள்' உண்டு,
எதிரே நிற்பவனை வாசலுக்கு வெளியே நிறுத்துகிற சொல்.
அவனையும் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தும் மற்றது
மேலே, அழைக்க ஆளின்றித் தேய்ந்தது.
கீழே, கொஞ்ச காலம் வசையாக இருந்து
பிறகு வசைக்கும் உதவாமல் போனது.
பாலத்துத் தூணில், பாசிக்கு அடியில்
ஒருமுறை அதைப் படித்திருக்கிறேன்.

ஒன்பதாம் நாள் இருவெத் சொன்னாள்:
"நாங்கள் முடியப் போகிறோம்."
எனக்குக் காய்ச்சல்.
காய்ச்சல்தான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.
'நாம்' என்று பெயர்த்தேன்.

தாஸ்கல் விலாங்கைக் கீழே வைத்தான்.
"பொய். அவள் 'நாம்' என்று சொல்லவில்லை."

உரக்கச் சொன்னான்.
இல்லை என்று மறுக்க
அவனுக்கு அந்தச் சொல் வேண்டியிருந்தது.
அறுநூறு வருடத்துக்குப் பிறகு
ஒரு கோர்வத் வாயிலிருந்து அது வந்து விழுந்ததை
முதலில் கேட்டது அவனுடைய அறுந்த காதுகள்தான்.
பிறகு இருவெத்.
அவளுக்கு நான் தேவைப்படவில்லை.
உடைந்த பல்லை நாக்கு தடவிப் பார்ப்பதுபோல
உதட்டுக்குள் ஒருமுறை
ஒலியில்லாமல் சொல்லிப் பார்த்தாள்.

நீங்கள் நினைப்பது நடக்கவில்லை.
பொழுது சாய அவள் மேலே ஏறினாள், அவன் கீழே இறங்கினான்.
பாதி விலாங்கு
பாலத்துக் கைப்பிடியில் கிடந்தது.
பிழையான மொழிபெயர்ப்புக்காக
ஒரு நாள் கூலியைப் பிடித்துக்கொண்டார்கள்.

அறிக்கையில் நான் எழுதியது:
அய்ரென், நாற்பத்தொன்று.
கோர்வத், பதினேழு.
இரண்டையும் ஒரே கோட்டின் கீழ் எழுதக் கூடாதென்று
இரு தரப்பும் தனித்தனியே ஆளனுப்பிச் சொல்லியிருந்தது,
அதனால் 'மொத்தம்' என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன்.

ஏஜெண்ட் பேனாவை நனைத்து
யோசிக்காமல் கூட்டிப் போட்டான்:
ஐம்பத்தெட்டு.
வருடா வருடம் கழித்துக்கொண்டே வர
வசதியாக இருக்கும் என்றான்.