பத்தி ஏழு

மதுரை கோர்ட்டுக்கு எதிர்வரிசையில்
ஆறடி அகலத்தில் என் கடை.
ஜெராக்ஸ், டைப்பிங், லேமினேஷன்.
குடும்பநல மனுக்களில்
திரும்பத் திரும்ப வரும் ஒரு வரிக்குக்
குறுக்குவழி வைத்திருக்கிறேன்.
இரண்டெழுத்தைத் தட்டினால் போதும்,
'எதிர்மனுதாரர் ஆடம்பர வாழ்க்கையில் மோகம் கொண்டு'
என்று தானாக விழும்.
பக்கத்துக்கு முப்பது ரூபாய்.
மோகத்துக்குத் தனிக் கட்டணம் இல்லை.

பங்குனிக் கடைசியில்
தவமணி என்பவருக்காக
வக்கீல் கனகவேல் சொல்லச் சொல்ல
ஏழாம் பத்தி அடித்தேன்:

குளியலறைக் கதவுக்கு
மனுதாரரைக் கேளாமல் தாழ்ப்பாள் வாங்கி மாட்டியது.
வேலை விட்டு வரும்போது பெரியார் நிலையத்தில்
இரண்டு வில்லாபுரம் பஸ்ஸை வேண்டுமென்றே விட்டுவிட்டு
உட்கார இடமுள்ள மூன்றாவதில் ஏறி
தாமதமாக வீடு சேர்ந்தது.
ஞாயிற்றுக்கிழமை மாவரைக்க மறுத்து
கடைமாவு வாங்கியது,
அந்த நேரத்தில் படுத்திருந்தது.

"சும்மா படுத்திருந்ததுன்னு போடும்மா" என்றார்.
சும்மாவைச் சேர்த்தேன்.

எங்கள் வீட்டுத் தாழ்ப்பாள்
போன வருஷமே ஆணி கழன்றுவிட்டது.
உள்ளேயிருந்து வாளியை முட்டுக்கொடுத்து
எதையாவது முணுமுணுத்தபடியே குளிக்கிறேன்.
உள்ளே ஆள் இருப்பதற்கு
அதுதான் அத்தாட்சி.
சோப்பு கண்ணில் பட்டாலும் நிறுத்த முடியாது.

அடுத்த மாதம் அவளே வந்தாள்,
அங்காளஈஸ்வரி, எதிர்மனுதாரர்.
அவள் வக்கீல் கையால் எழுதிய எதிருரை
மஞ்சள் பையில்.
அந்தப் பத்தியை அடித்தவள் நானென்று
அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.
பாதி அடித்தபோது கரண்ட் போனது.
யூபிஎஸ் கொஞ்ச நேரம் கத்திவிட்டு அடங்கியது.
தாளில் விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்தவள்
ஓரிடத்தில் நின்றாள்.

'ஏழாம் பத்தியில் கண்டவை முற்றிலும் பொய்.
எதிர்மனுதாரர் எளிமையானவர், ஆசைகள் அற்றவர்.'

"இத எடுத்துருங்கக்கா."

எதை?

"ஆசையே இல்லைங்கிறத.
தாப்பா நூத்திப்பத்து ரூவா.
கீழவாசல்ல வாங்கி
நானேதேன் திருப்புளி வச்சு மாட்டுனேன்.
பொய்யின்னு எப்படிப் போடுறது?
உள்ள போயி அதச் சாத்துனா
டக்குனு ஒரு சத்தம் வரும் பாருங்க...
அதுக்குப் பேரு ஆடம்பரம்னா
இருந்துட்டுப் போகட்டும்."

ஒருவர் எழுதியதை மாற்ற
எனக்கு அதிகாரமில்லை. அவளுக்கே இல்லையோ என்னவோ.
மின்விசிறி நின்ற கடையில்
கரண்ட் வரும்வரை
இரண்டு பேரும் சும்மா இருந்தோம்.
வாசலில் ஒரு ஜூனியர்
கறுப்புக் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு
இளநீர்க்காரரிடம் வழுக்கையா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

வக்கீல் போனில் கத்தினார்.
இதெல்லாம் எடுபடாது என்றார்.
"எடுபடாட்டிப் போகுது சார்" என்றாள்.
'பொய்' இருந்த இடத்தில் 'உண்மை' அடித்தேன்.
ஆசைகள் அற்றவரை
பின்னாலிருந்து ஒவ்வோர் எழுத்தாக அழித்தேன்.

மூன்று பக்கம், தொண்ணூறு.
சில்லறையாக எண்ணிக் கொடுத்தாள்.

கல்லாவிலிருந்து பார்த்தால் ஸ்டாப் தெரியும்.
படியில் ஆள் தொங்க ஒரு பஸ் வந்தது.
அவள் ஏறவில்லை.
வேப்பமர நிழல் நகர்ந்த பக்கம்
தானும் ஓரடி நகர்ந்து நின்றாள்.
இன்னொன்று வந்தது, அதுவும் அப்படியே.

அடுத்து நின்றவரின் ஆதாரை வாங்கி
கண்ணாடிமேல் கவிழ்த்தேன்.
எத்தனை காப்பி என்று கேட்க
மறந்துபோனேன்.