வெர்லினின் வாய்

கைத்தேர்வுக்கு ஒரு வாய் வேண்டும்.
அதை நாமே தேடிக் கூட்டிப்போக வேண்டும்.
நல்ல வாய் உதவாது.
ஈறுக்கு அடியில் காரை
கல்லாய் இறுகிக் கிடக்க வேண்டும்,
பரிசோதகரின் ஊசி தடுக்கி நிற்கும்படி.

அந்தக் குளிர்காலம் முழுக்க
மைனாட்டில் யார் சிரித்தாலும்
கடைவாயைத்தான் பார்த்தேன்.
பெட்ரோல் பங்கில், தபால் வரிசையில்,
நாத்தனார் கல்யாணத்தில் பாதிரியாரைக்கூட.
என் கணவன் கோல்பிக்குப் பளிங்குப் பற்கள்.
அந்த ஒரு வருடம்
அது அவனிடம் ஒரு குறையாகத் தெரிந்தது.

பனிப்பள்ளத்தில் சரிந்த என் காரை
இழுத்துப்போட வந்தவர் வெர்லின் ஓஸ்ட்பி.
சங்கிலியை மாட்டிவிட்டுக்
கொட்டாவி விட்டார்.
அவரிடமும் காரைதான்.
பதினெட்டு வருடம் யாரும் தொடாதது.
பணத்தை எண்ணிக் கொடுத்தபடி கேட்டேன்:
"உங்கள் வாயை ஒரு நாள் எனக்குத் தர முடியுமா?"
"திருப்பித் தந்துவிடுவாய்தானே?" என்றார்.

ஃபார்கோவுக்கு நாலு மணி நேரப் பயணம்.
உப்பு வேண்டாம், காபி வேண்டாம், பீர் வேண்டவே வேண்டாம்
என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே ஓட்டினேன்.
அங்கே எனக்குப் பெயர் இல்லை. எண் நாற்பத்தொன்று.
அவர் ரத்த அழுத்தம் நூற்று அறுபத்தெட்டு.
நூற்று அறுபதுக்கு மேல் போனால்
வீட்டுக்குப் போகலாம், இரண்டு பேரும்.
"பத்து நிமிடம் பொறுங்கள்" என்று
வெர்லின் கண்ணை மூடிக்கொண்டார்.
நூற்று ஐம்பத்தாறு.
எதை நினைத்தீர்கள் என்று காதோடு கேட்டேன்.
"வயலில் நிற்கிற என் டிராக்டரை.
ஓடாத டிராக்டர்."

தேர்வுக்கு வாயில் கால் பாகம்தான்.
வலது கீழ்த்தாடை, ஏழு பற்கள்.
சுரண்டினேன். பரிசோதகர் மூவர் தடவிப் பார்த்தார்கள்.
ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.
திரும்பும் வழி நெடுக
அவர் நாக்கு அங்கேயே போய் வந்தது,
பழைய வீட்டில்
வெள்ளையடித்த ஒரே அறைக்குள் போவதுபோல.
"மீதி முக்கால்?"
"உரிமம் வரட்டும், நானே செய்கிறேன்."

உரிமம் வந்தது. அவர் வரவில்லை.

உரிமம் சுவரில் மாட்டுகிற படமில்லை;
இரண்டு வருடத்துக்கொரு முறை
பசிக்கிற பிராணி.
பதினாறு மணி நேரப் பாடம் தின்னும்.
ரப்பர் பொம்மையின் நெஞ்சை
நான் முப்பது முறை அமுக்கி
மூச்சு ஊதினால்தான் அடங்கும்.
பிறகு கட்டணம்.
ஐந்து முறை தவறாமல் போட்டேன்.
ஆறாம் முறை வீடு மாறினோம்.
நினைவூட்டுக் கடிதம் பழைய முகவரிக்குப் போய்
யாருடைய குப்பையிலோ கிடந்தது.
டிசம்பர் முப்பத்தொன்று
சத்தமில்லாமல் என்னைத் தாண்டிப் போனது.

ஒன்பது நாள்.
கையுறைக்குப் பதில் தொலைபேசி.
பக்கத்து அறையில் சுரண்டும் சத்தம் கேட்டால்
என் விரல்கள் மேசைக்கடியில் தாமாக வளைந்தன.
ஆறாம் நாள் கதவு திறந்தது.
பூட்ஸில் பனியோடு வெர்லின்.
"அந்த மீதி முக்கால்" என்றார்,
நேற்று விட்டுப்போன பேச்சைத் தொடர்கிறவர்போல.

இன்று நான் தொடக்கூடாது என்றேன்.
ஏன் என்றார். சொன்னேன்.
"நீதானே? உன் கைதானே?
டிசம்பருக்கும் ஜனவரிக்கும் நடுவில்
விரல் என்ன மறந்துவிடுமா?"
மறக்காது. அதுதான் கஷ்டம்.
நாற்காலி காலி. விளக்கு அவர் பக்கம் திரும்பியிருந்தது.
டாக்டர் சாப்பிடப் போயிருந்தார்.
பல்லைக் கடித்துக்கொண்டு
அடுத்த செவ்வாய், பத்தரை என்று எழுதினேன்.

"ஆக, இந்த முறை
பள்ளத்தில் கிடப்பது உன் வண்டி" என்று சிரித்தார்.
அப்போதும் கடைவாயைத்தான் பார்த்தேன்.
வலது கீழே மறுபடி படிந்திருந்தது.
முழு வாய்.

செவ்வாய். பத்தரை.
புது அட்டை கழுத்தில் தொங்க,
பட்டையைக் கையில் சுற்றி அமுக்கினேன்.
நூற்று அறுபத்தெட்டு.
"டிராக்டரை நினையுங்கள்" என்றேன்.
"அதை விற்றுவிட்டேனே" என்றார்.