முறுக்கு விடும் வரை

பெட்டிகள் வந்திறங்கியது செவ்வாய்க்கிழமை.
மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது.
கீழ்வீட்டு ஹோல்கர் கதவைப் பாதி திறந்து
"சவப்பெட்டியா?" என்றான்.
"ஸ்பீக்கர்."
"எதுவானாலும் அடக்கமாக இருந்தால் சரி"
என்று சாத்திக்கொண்டான்.

பிர்த்தேயிடம் பாதி விலைதான் சொன்னேன்.
ஒரு பெட்டியின் விலை.
முழுப் பொய் இல்லை அது.

பழையவை இருபத்தேழு வருடம்
புத்தக அலமாரியில் உட்கார்ந்திருந்தன.
ஒன்றின் வலையைப் பூனை கிழித்திருந்தது,
பூனை போயும் பத்து வருடம்.
மல்தே என்ற மாணவன்
சைக்கிள் வண்டியில் கட்டி எடுத்துப் போனான்.
காசு கொடுத்தவன் அவன்.
கடன்பட்டவன்போல ஜன்னலில் நின்றது நான்.

முதல் இரவு
பிடித்த செலோ தட்டைப் போட்டேன்.
செலோ வரவில்லை.
செலோ வாசிப்பவரின் மூக்கு வந்தது.
பிறகு நாற்காலியின் முனகல்,
நரம்பில் சறுக்கும் விரலின் கீச்சு,
யாரோ தாள் புரட்டுவது.
இத்தனை பேரா இருந்தார்கள்
இவ்வளவு நாளும் என் வீட்டில்?

கடைக்காரர் சொன்னார்:
புதுக் கயிறு மாதிரி, முறுக்கு விடணும்.
நூறு மணி நேரம் ஓடட்டும்.

வேலைக்குப் போகும்போது
வானொலியை ஓடவிட்டுப் போனேன்.
எஸ்பியர் துறையிலிருந்து ஃபானோ தீவுக்குப்
பன்னிரண்டு நிமிடம்,
திரும்பப் பன்னிரண்டு.
படகின் அடிவயிற்றில்
எந்த வால்வு தேய்கிறதென்று
காதை மூடிக்கொண்டே சொல்லுவேன், பாதத்தால்.
வீட்டிலோ ஆளில்லாத சோபாவுக்கு
ஜெர்மன் விரிகுடாவில் காற்று எட்டு என்று
ஒரு கனத்த குரல் எச்சரித்துக்கொண்டிருந்தது.
"உள்ளே வந்ததும்
கோட்டைக் கழற்றலாமா என்று
அவரிடம் கேட்கத் தோன்றியது" என்றாள் பிர்த்தே.

மாலையில் நகர்த்துவேன்.
சுவரிலிருந்து இரண்டு விரற்கடை முன்னே,
அரை விரற்கடை உள்ளே திருப்பி.
தரையெல்லாம் நீல டேப்,
கொலை நடந்த அறைபோல.
பாடகி நடுவில் நிற்கவேண்டும்;
ஜன்னல் பக்கமாகவே நின்றாள்.
"அவள் எங்கே நிற்கிறாள் என்று பார்க்கிறாய்,
என்ன பாடுகிறாள்?" என்றாள் பிர்த்தே.
தெரியவில்லை எனக்கு.

அன்றிரவு மல்தேக்கு ஒரு செய்தி எழுதி
அழித்தேன்.
மறுபடி எழுதி
மறுபடி அழித்தேன்.

சனிக்கிழமை
ரீபே தேவாலயச் சேர்ந்திசைத் தட்டு.
எண்பத்தெட்டின் குளிர்காலம்,
முந்நூறு பிரதிதான் அடித்தார்கள்.
இடப்பக்கம், தூணுக்குப் பின்னால்
நாங்கள் இருந்தோம்,
பழகிப் பதினோரு நாள்.
மூன்றாம் பாட்டு முடிந்து
கடைசிப் பாட்டு தொடங்குமுன்
முப்பது குரல்கள் மூச்சை இழுக்கும் அந்த இடைவெளியில்
மெலிதாக, இடப்பக்கம், தூணுக்குப் பின்னால்:

பீப். பீப்.

ஒன்பது மணி.
முதல் சம்பளத்தில் வாங்கிய கைக்கடிகாரம்.
சட்டைக் கைக்குள் அமுக்கியும் அடங்காமல் கத்தியது அன்று.
மைக்கில் விழவில்லை என்று
எத்தனை வருடம் சொல்லி வந்தேன்!
பழைய பெட்டிகள்
என் மானத்தைக் காத்திருக்கின்றன.

சமையலறையில் குழாய் நின்றது.
மாவுக் கையோடு வந்தாள்.
"நீதான் அது."
"யாரோ."
"திரும்பப் போடு."

நான் அளந்து குறித்த இடத்தில்
அளக்காமல் போய் உட்கார்ந்தாள்.
ஐந்து முறை போட்டேன்.
ஒவ்வொரு முறையும் பீப்புக்கு முன்பே சிரித்தாள்.
கதவோரம் நின்றிருந்தேன்.
ஓசை அங்கே சரியாக வராது என்பார்கள்.
போதுமாய்த்தான் வந்தது.

அறுபத்துமூன்றாவது மணி நேரம்.
தட்டு முடிந்து
முள் சும்மா உரசிக்கொண்டிருந்தபோது
மெதுவாகக் கேட்டாள்:
"அந்த விலை...
ஒன்றுக்கா, இரண்டுக்குமா?"

நான் வாய் திறக்குமுன்
கீழிருந்து ஹோல்கர்
துடைப்பக்கட்டையால் மூன்று இடி இடித்தான்.
அவன் கூரையின் எந்த மூலை என்றுகூடச்
சொல்ல முடிந்தது.
அவன் நன்றாக இருக்கட்டும்.